புளோரெஸ் மலைக் கிராமத்தில், மனைவி ஊரில் வீடு கட்டிக் குடியேறலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன். மனைவி இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில், மங்கராய் மலைப்பகுதியில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். இன்னும் சில ஆண்டுகளில் வேலையை விட்டுவிட்டு, அங்கே ஒரு துண்டு நிலம் வாங்கி, வீடு கட்டி, நாலு காப்பிச் செடி வைத்துக்கொண்டு இருந்துவிட நினைக்கிறீர்கள். ஒதுக்குப்புறமான ஊர், நீங்கள் வெளிநாட்டவர், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருப்பது திருடனையும் ரௌடியையும் பற்றித்தான். ஆனால் உங்கள் எழுத்தைப் படித்தால் உள்ளே உறுத்துவது வேறு என்று தெரிகிறது. என் பணத்தில் எழும்பும் வீடு கடைசியில் யாருடையது, எனக்கு ஒன்று ஆனால் யார் ஓடிவருவார்கள் என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கட்டடப் பொறியாளன். 2006 மே 27 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜாவாத் தீவில் யோக்யகர்த்தாவின் பந்துல் மாவட்டத்தில் இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டும் வேலைக்குப் போனேன். அதன்பின் மங்கராயில் மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக ஊர்களுக்கு இறக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். வக்கீல் இல்லை. நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒவ்வொரு குழாய்ப் பாதைக்கும் இடம் கேட்டு வீடு வீடாக உட்கார்ந்து காப்பி குடித்ததில் கற்றது. பத்திரம் என்று வரும்போது ருத்தெங், லபுவான் பாஜோ போன்ற பக்கத்து நகரத்தில் உள்ள ஒரு நோட்டரியின் சொல்தான் முடிவானது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பதில் உதவும்.

சட்டத்தில் தொடங்குவோம். இதில் மறுபேச்சில்லாத பகுதி சிறியதுதான், ஆனால் இரும்பு. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டத்தின்படி, 'ஹக் மிலிக்' என்ற முழு உரிமையுள்ள நிலத்தை இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே வைத்திருக்கலாம். நீங்கள் வைத்திருக்க முடியாது, உங்கள் பெயர் அதில் ஒரு மூலையில்கூட ஏறாது. சரி, மைத்துனர் பெயரில் வாங்கிவிட்டு, பக்கத்தில் ஒரு ரகசிய ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பாலியில் இந்தப் பினாமி வியாபாரம் அமோகமாக நடக்கிறது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. நேராகவோ சுற்றிவளைத்தோ வெளிநாட்டவருக்கு நிலம் போகும்படி செய்யும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் எத்தனை முத்திரைத்தாள் ஒட்டினாலும் கதை இதுதான். மைத்துனர் நல்லவராக இருக்கும்வரை எதுவும் தெரியாது. அவர் காலமாகி, அவர் பிள்ளைகள் வளர்ந்து வரும் நாளில் தெரியும்.

மனைவி பெயரில் வாங்கினால்? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி, கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்து வாங்கும் சொத்து இருவருக்கும் பொது. பொது என்றால் பாதி உங்களுடையது, உங்களுடையது என்றால் வெளிநாட்டவருடையது. ஆக, மனைவி இந்தோனேசியக் குடிமகளாக இருந்தும் அந்த நிலம் சிக்கலுக்குள் போய்விடுகிறது. திருமணத்தில் சொத்து கலந்ததால் வெளிநாட்டவருக்கு வந்த உரிமையை ஓராண்டுக்குள் கைமாற்றிவிட வேண்டும் என்பது நிலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. இதற்கு மருந்து, சொத்து தனித்தனி என்று கணவன் மனைவி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். முன்பெல்லாம் அதைத் தாலி கட்டுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். ஜப்பானியரை மணந்த ஒரு ஜகார்த்தாப் பெண், பணம் கட்டியும் தனக்கு அடுக்குமாடி வீட்டைத் தர மறுத்துவிட்டார்கள் என்று அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். 2016 அக்டோபரில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, திருமணமான பின்பும் அந்த ஒப்பந்தத்தை எழுதலாம். நோட்டரி முன் எழுதி, குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். உங்கள் திருமணம் சிங்கப்பூரில் நடந்தது என்றால், அதையே முதலில் இந்தோனேசியாவில் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்த பெண்கள் பலரின் அடையாள அட்டையில் இன்றும் 'மணமாகாதவர்' என்றுதான் இருக்கிறது. அதையே வைத்து நிலத்தை முடித்துவிடலாம் என்று ஊரில் ஒருவர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள். பொய்யான அட்டையில் எழுதிய பத்திரம், பின்னால் பங்கு கேட்டு வருபவனுக்கு நீங்களே செதுக்கிக் கொடுத்த தடி.

அந்த ஒப்பந்தம் எழுதியபின் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் கண்ணைத் திறந்து பாருங்கள். நிலம் முழுக்க முழுக்க மனைவியுடையது. பிரிந்தால் உங்களுக்கு அதில் ஒரு பிடி மண் கிடையாது. அவர் உங்களுக்கு முன் காலமானால் வாரிசாக உங்களுக்கு வரும், ஆனால் ஓராண்டுக்குள் விற்றோ குடிமகன் ஒருவருக்குக் கைமாற்றியோ ஆக வேண்டும். பிள்ளைகள் இந்தோனேசியக் குடிமக்களாக இருந்தால் பிரச்சினை அவர்களோடு முடிகிறது. 2006ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கலப்பு மணப் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை இரட்டைக் குடியுரிமை தருகிறது, அதற்குமேல் மூன்று ஆண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியாவோ, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைக் குடிமகனாகப் பதியும்போதே அதற்கு வேறு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறது. அதனால் பிள்ளைக்கு எந்தப் பாஸ்போர்ட் என்பதை இப்போதே நிலத்தோடு சேர்த்து யோசியுங்கள்.

வீட்டுக்கும் நிலத்துக்கும் இந்தோனேசியச் சட்டம் தனித்தனிக் கணக்கு வைக்கிறது என்பது உங்களுக்குச் சாதகம். மரபுச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் இது. மண் ஒருவருடையது, அதன்மேல் நிற்கும் கட்டடம் இன்னொருவருடையது என்று இருக்கலாம். வெளிநாட்டவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதற்குத் தடையில்லை. 'ஹக் பக்காய்' என்ற பயன்பாட்டு உரிமையும் உண்டு, 2021ஆம் ஆண்டு விதிப்படி 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30. ஆனால் வெளிநாட்டவர் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை வரம்பு வைத்திருக்கிறார்கள். மலைக் கிராமத்து வீடு அந்த வரம்பின் கணுக்காலைக்கூடத் தொடாது. அதனால் அந்த வழி நகரத்துக்காரர்களுக்கு.

இதையெல்லாம்விட நேரான வழி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் பணத்தில் நிலமே வாங்காதீர்கள். திருமணச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பரிசாகவும் வாரிசாகவும் வந்த சொத்து பொதுச் சொத்தில் சேராது, அவரவருடையது என்கிறது. மங்கராய் மரபில் தந்தை வழியாகத்தான் நிலம் இறங்கும், மணமாகிப் போகும் பெண்ணுக்குப் பங்கில்லை. ஆனால் தகப்பன் மகள்மேல் வைத்த அன்பினால் ஒரு துண்டைக் கொடுப்பதுண்டு. அதற்கு 'விடாங்' என்று பெயர். நம் ஊர் சீதன நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாமனார் விடாங்காகக் கொடுத்து, அதையே பத்திர அலுவலர் முன் தானப் பத்திரமாகவும் எழுதிவிட்டால், ஊர் வழக்கமும் அரசாங்கச் சட்டமும் ஒரே இடத்தில் கைகுலுக்குகின்றன. இதில் நிச்சயமில்லாத ஒரு பகுதி உண்டு. விடாங் நிலம் மகளுக்கு நிரந்தரமா, அவளுக்குப் பின் பிறந்த வீட்டுக்கே திரும்ப வேண்டுமா என்பதில் ஊருக்கு ஊர், பெரியவருக்குப் பெரியவர் பேச்சு மாறுகிறது. சில ஊர்களில் அது வழக்காகவே ஆகியிருக்கிறது. ஆகவே மைத்துனர்கள் எல்லோரும் உட்கார்ந்து, "இது போனது போனதுதான்" என்று சொல்லிக் கையெழுத்திடாதவரை ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். ஒருவர் மலேசியாவில் வேலையில் இருக்கிறார், வந்ததும் போடுவார் என்றால், அவர் வரும்வரை காத்திருங்கள். வராதவர்தான் எப்போதும் வழக்குப் போடுகிறார்.

அந்த உட்காருதல் எங்கே நடக்க வேண்டும் என்பதும் முக்கியம். மங்கராயில் ஒரு சொல் உண்டு, 'கெண்டாங் ஒனே, லிங்கோ பெஅங்'. உள்ளே முரசு வீடு, வெளியே லிங்கோ வயல் என்று பொருள். முரசு தொங்கும் பொது வீடு எந்தக் குலத்துடையதோ, அந்தக் குலத்துடையது சுற்றியுள்ள நிலம். லிங்கோ என்பது ஊர்ப் பொது நிலத்தில் ஒரு வட்டம். நடுவில் ஒரு கம்பு நட்டு, அதிலிருந்து சக்கரத்து ஆரம்போல் கோடிழுத்து, குடும்பத்துக்கு ஓர் ஆப்பு வடிவத் துண்டாகப் பிரிப்பார்கள். ருத்தெங்குக்கு மேற்கே சஞ்சாரில் மேட்டில் ஏறி நின்று பார்த்தால் சிலந்தி வலை விரித்ததுபோல் தெரியும் வயல்கள் அவைதாம், சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்து மாளவில்லை. பிரித்துக் கொடுப்பவர் 'துவா தெனோ', ஊருக்குத் தலைவர் 'துவா கோலோ'. இவர்களுக்குத் தெரியாமல் கிராம அலுவலகத்தில் காகிதம் வாங்கினால், காகிதம் இருக்கும், நிலம் இருக்காது. போகும்போது ஒரு சேவலும் ஒரு பாட்டில் கள்ளும் கொண்டுபோக வேண்டும். இன்று கள்ளுக்குப் பதில் பீர் பாட்டில் வந்துவிட்டது. அதை முன்னால் வைத்த பிறகுதான் பேச்சே தொடங்கும். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பத்து ஆண்டு கழித்துச் சண்டை வரும்போது, "அன்று சேவல் அறுத்தோம், நானும் சாப்பிட்டேன்" என்று ஒரு கிழவர் சொல்லும் சாட்சிக்கு முன் பத்திரம் கைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் பத்திரம் வேண்டும். கிராமத்தில் உங்களிடம் காட்டப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நிலவரி ரசீது, அல்லது பத்தாயிரம் ரூபியா முத்திரை ஒட்டிக் கிராமத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு தாள். நம் ஊரில் கிஸ்தி ரசீது பட்டா ஆகாததுபோல அங்கேயும் வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நிலத்துறை அளந்து கொடுக்கும் சர்ட்டிஃபிகட்தான் கணக்கு. அரசாங்கமே ஊர் ஊராக வந்து மொத்தமாக அளந்து பதியும் திட்டம் ஒன்று பல ஆண்டுகளாக நடக்கிறது. உங்கள் மனைவியின் ஊருக்கு அது வந்துவிட்டதா என்று விசாரியுங்கள், செலவு பெருமளவு குறையும். அளக்க வரும் நாளில் நான்கு எல்லைக்காரர்களும் வயலில் நிற்க வேண்டும். எல்லை என்பது அங்கே கல்லைவிட மரம்தான், கிளைரிசிடியாக் குச்சியை வரிசையாக நட்டிருப்பார்கள். குச்சி வேர்பிடித்து மரமாகும், மரம் சாயும், சாய்ந்த பக்கம் எல்லையும் சாயும்.

இன்னொன்றும் பாருங்கள். கல்லறை. புளோரெஸில் இறந்தவர்களை வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்வார்கள். டைல்ஸ் பதித்த கல்லறை, மேலே தகரக் கூரை. நான் தங்கியிருந்த வீட்டில் பாட்டியின் கல்லறைமேல்தான் காப்பிக் கொட்டை காயப்போடுவார்கள், சாயங்காலம் பேரன்கள் அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். ஒரு முறை தொட்டிக்கு அருமையான மேட்டு இடம் ஒன்றைப் பார்த்து, வரைபடம் எல்லாம் போட்டுவிட்டேன். புல்லை விலக்கினால் சிலுவையில்லாத பழைய கற்குவியல். உரிமையாளர் விற்கத் தயார், அவருடைய சித்தப்பா மக்கள் தயாரில்லை. தொட்டியை முப்பது மீட்டர் தள்ளிக் கட்டினோம், பம்ப் ஒன்று கூடுதலாக வைக்க நேர்ந்தது. கல்லறை இருக்கும் மண் யாருக்கும் முழுதாக விற்கப்படுவதில்லை.

நிலத்தகராறு அங்கே எவ்வளவு தூரம் போகும் என்பதையும் மறைக்கக் கூடாது. குலத்துக்குக் குலம் வாளோடும் அம்போடும் மோதிக்கொள்வதற்கு, புளோரெஸ் அடங்கிய மாகாணத்தில் 'பெராங் தாண்டிங்' என்று தனிப் பெயரே உண்டு. புளோரெஸின் கிழக்கு முனையை ஒட்டிய அடொனாரா தீவில் 2020 மார்ச்சில் ஒரே மோதலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள், காரணம் ஒரு துண்டு நிலம். வெளியாளை யாரும் இதில் குறிவைப்பதில்லை. ஆனால் தகராறுள்ள நிலத்தின் நடுவில் வீடு கட்டியவன் வெளியாள் என்ற கணக்கில் நிற்க மாட்டான்.

இப்போது நீங்கள் கேட்ட திருடனுக்கு வருவோம். முதல் நாள் காலையில் இடுப்பில் அரிவாளோடு பத்து ஆண்கள் எதிரே வருவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வயலுக்குப் போகிறவர்கள். அரிவாள் இல்லாமல் போகிறவன்தான் அங்கே விசித்திரம். வழிப்பறி, வீடு புகுந்து கொள்ளை என்று அஞ்சி நான் அங்கே தூக்கம் கெட்டதில்லை. கோழி போகும், பன்றி எப்போதாவது போகும், வெனிலா விலை ஏறிய ஆண்டில் காய் முற்றுவதற்குள் கொடியோடு போகும். அதற்குப் பயந்து பச்சையாகவே பறித்து அடிமாட்டு விலைக்கு விற்பவர்களும் உண்டு.

பந்துலில் காவல் முறை வேறு விதம். ஜாவாக் கிராமங்களில் தெருமுனையில் ஒரு காவல் குடில், அதில் மரத்தைக் குடைந்து செய்த கெந்தோங்கான். தட்டும் முறையை வைத்தே சாவா, திருடனா, தீயா என்று ஊருக்குத் தெரியும். ஆண்கள் முறைவைத்து இரவு சுற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும், அதில் ஒரு பிடி அரிசியோ ஐந்நூறு ரூபியாக் காசோ போட்டு வைக்க வேண்டும். சுற்றுபவர்கள் எடுத்துக்கொண்டு போய்த் தெருவின் பொதுச் செலவுக்குச் சேர்ப்பார்கள். என் டப்பாவில் இரண்டு இரவு காசில்லை. மூன்றாம் நாள் காலையில் தெருத் தலைவர் வந்து, காய்ச்சலா என்று விசாரித்தார். அந்த முறையின் சூட்சுமம் அதுதான். திருடனைப் பிடிப்பதைவிட, எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே சுற்றுகிறார்கள். 'விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்' என்ற பலகையை நாடு முழுக்கப் பார்க்கலாம். மங்கராயில் டப்பா இல்லை, ஆனால் கண்கள் உண்டு. போய் இறங்கிய அன்றே தெருத் தலைவரையும் கிராமத் தலைவரையும் பார்த்து, பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிடுங்கள். கிராமத்துக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு போலீஸ்காரரும் ஒரு ராணுவக்காரரும் இருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு காப்பி.

இந்தக் கண்களுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைப் போலீஸ் வருவதற்குள் அடித்தே கொல்லும் வழக்கம் இந்தோனேசியாவில் பரவலாக உண்டு. உங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் 'திருடன்' என்று கத்தாதீர்கள். மெதுவாகத் தெருத் தலைவரிடம் சொல்லுங்கள். வண்டியில் யாரையாவது இடித்துவிட்டால், கூட்டம் கொதிப்பது தெரிந்தால், நேரே காவல் நிலையத்துக்குப் போய்த் தெரிவிக்கச் சட்டமே இடம் தருகிறது.

உங்கள் சேமிப்பைக் கரைக்கப்போவது திருடன் இல்லை. மங்கராய் உறவுமுறையில் பெண் கொடுத்தவர்கள் 'அனக் ரோனா', பெண் எடுத்த நீங்கள் 'அனக் வினா'. கொடுத்தவர்கள் மேல், எடுத்தவர்கள் கீழ், ஆயுள் முழுக்க. மாமனார் வீட்டில் சாவு, கல்யாணம், வீடு கட்டல் என்று எது வந்தாலும் உங்களுக்கு ஓலை வரும். அந்தக் கேட்பதற்கு 'சிடா' என்று பெயர். பணமாக, பன்றியாக, எருமையாக வரும். பிள்ளை கல்லூரிக்குப் போனால் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து விருந்து. வருகிறவர்கள் கவரில் மொய் வைப்பார்கள், அதில் படிப்புச் செலவு நடக்கும். நம் ஊர் மொய் நோட்டு தெரிந்தவருக்கு இது புரியாததில்லை. சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றால் எதிர்பார்ப்பும் அந்த உயரத்தில் இருக்கும். மறுக்கவும் கூடாது, கேட்டதெல்லாம் கொடுக்கவும் கூடாது. மனைவியின் மூத்த அக்காள் கணவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று விசாரித்து, அதில் ஒரு படி மேலே நில்லுங்கள், இரண்டு படி ஏறாதீர்கள். இதை ஒழுங்காகச் செய்பவன் வீட்டுக்குப் பூட்டே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

உயிருக்கு உண்மையான ஆபத்து எங்கிருந்து வரும் என்றால், மோட்டார் சைக்கிள், நாய், சுவர். மலைப்பாதை, மழை, பழைய டயர், ஒரு வண்டியில் மூன்று பேர், ஹெல்மெட் நகர எல்லையில் மட்டும். விளக்கத் தேவையில்லை. நாயை விளக்க வேண்டும். புளோரெஸ் 1997வரை வெறிநோய் இல்லாத தீவு. அந்த ஆண்டு செப்டம்பரில் புத்தோன் தீவிலிருந்து படகில் வந்த நாய்களோடு, தீவின் கிழக்கு முனைத் துறைமுகமான லரன்துகாவில் இறங்கிய நோய் தீவு முழுக்கப் பரவி, இன்றும் ஒழியவில்லை. ஊரில் வீட்டுக்கு இரண்டு மூன்று நாய்கள் காவலுக்கு இருக்கும். நீங்கள் போவதற்கு முன்பே சிங்கப்பூரில் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் போடுங்கள். கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருந்துள்ள இடத்துக்குப் போக வேண்டும். கிராமச் சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அதேபோல, இரவில் நெஞ்சுவலி வந்தால் ருத்தெங் போக எவ்வளவு நேரம், மழையில் எவ்வளவு நேரம் என்று ஒருமுறை வண்டியில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச்வரை மண் சரிந்து பாதை அடைபடுவது ஆண்டு வழக்கம். உங்களுக்குச் சர்க்கரையோ இதய நோயோ இருந்தால், என் பதில் வேறு: ருத்தெங்கிலேயே ஒரு வாடகை வீடு.

சுவர்தான் என் துறை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். 1992 டிசம்பர் 12 நிலநடுக்கமும் சுனாமியும் இதே தீவின் வடகரையில் மௌமெரே பக்கம் இரண்டாயிரம் பேருக்கு மேல் கொன்றன. எரிமலையும் தூரமில்லை. ருத்தெங்குக்கு அருகிலேயே 1987இல் அனக் ரனகா புதிதாகத் தலைதூக்கியது. 2024 நவம்பரில் தீவின் கிழக்கே லெவோடோபி வெடித்து உயிர்களைக் கொண்டுபோனது. 2006இல் பந்துலில் அதிகாலை 6 மணிக்குச் சற்று முன் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, அந்த வட்டாரம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2022இல் மேற்கு ஜாவாவின் சியாஞ்சூரில் அளவு 5.6தான், அதற்கே முந்நூறுக்கும் மேல். கொன்றது பூமியின் ஆட்டத்தைவிட, கம்பியில்லாத செங்கல் சுவர். மரவீட்டிலும் மூங்கில் வீட்டிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் எழுந்து வெளியே வந்தார்கள். மங்கராயில் பழைய பலகை வீட்டை இடித்துச் சிமெண்ட் கல்லில் கட்டுவதுதான் இன்றைய கௌரவம், கௌரவத்துக்காகவே கனமான சுவரைத் தலைக்குமேல் ஏற்றுகிறார்கள். உங்கள் வீடு பாதிச் சுவர் சிமெண்ட் கல், மேலே பலகை, தகரக் கூரை என்று இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். முழுச் சுவர்தான் வேண்டும் என்றால், அடியில் ஒரு கான்கிரீட் பட்டை, மேலே சுற்றிவர ஒரு பட்டை, மூலைகளிலும் சுவர் ஒன்பது சதுர மீட்டரைத் தாண்டாத இடைவெளியிலும் தூண்கள். தூண் கம்பி மேல்பட்டைக்குள் வளைந்து ஒரு முழம் ஓட வேண்டும், வெறுமனே முட்டி நின்றால் பிரயோஜனமில்லை. முக்கோண மேல்சுவரைக் கல்லில் கட்டவே கூடாது, முதலில் விழுவது அதுதான். கடைக்காரர் 'பன்சி' கம்பி என்று ஒன்று தள்ளுவார். பத்து மில்லிமீட்டர் என்று பெயர், காலிப்பர் வைத்தால் எட்டரை. காலிப்பரைச் சிங்கப்பூரிலிருந்தே வாங்கிப் போங்கள். சிமெண்ட் கல்லை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள், கொத்தனார் முகத்தைப் பார்க்காதீர்கள்.

மற்ற வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மின்சாரம் முன்கட்டண மீட்டர், காசு தீரப்போகும்போது அது வாசலில் நின்று கீச்சுக்கீச்சென்று கத்தும். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்களுக்கு முன்னால் தெரியும். தண்ணீர், ஊற்று எந்த லிங்கோவில் இருக்கிறதோ அந்தக் குலத்தின் தயவு. குளிர் ஊட்டியை நினைவுபடுத்தும். தங்கும் அனுமதி மனைவியின் பொறுப்பில் கிடைக்கும், அது சிக்கலான வேலையில்லை.

பணத்தை அனுப்புவதற்கு முன், இந்த வரும் ஜனவரியில் மனைவியோடு போய் மார்ச்வரை மாமனார் வீட்டில் இருங்கள். வெயில் காலத்தில் போனால் எல்லா ஊரும் சொர்க்கம். அங்கே இருக்கும்போது மூன்று விஷயங்களை விசாரித்து எனக்கு எழுதுங்கள். அந்த நிலத்துக்குக் கையில் இருப்பது சர்ட்டிஃபிகட்டா, வரி ரசீதா, வெறும் முத்திரைத் தாளா? மனைவியின் அடையாள அட்டையில் மணநிலை என்னவென்று போட்டிருக்கிறது? மைத்துனர்கள் எத்தனை பேர், அவர்களில் ஊரில் இல்லாதவர் யார்? கம்பி அளவையும் வரைபடத்தையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.